இரண்டு தியேட்டர் மருத்துவமனையில் மயக்க மருந்து யார் கொடுப்பது?

அமெரிக்காவின் அயோவா, கான்சஸ், நெப்ராஸ்கா ஆகிய மூன்று மாநிலங்களில் மட்டும், 25 படுக்கைக்கு மேல் வைத்துக்கொள்ள அனுமதியில்லாத ஊரக மருத்துவமனைகள் 200க்கு மேல் உண்டு. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கேர், ‘கிரிட்டிகல் ஆக்சஸ்’ மருத்துவமனை என்று இவற்றைத் தனி வகையாக வைத்திருக்கிறது. ஒன்றோ இரண்டோ ஆபரேஷன் தியேட்டர், ஊரோடு இருக்கும் ஓர் அறுவை மருத்துவர், வாரம் ஒருநாள் வந்துபோகும் எலும்பு மருத்துவர், மாதத்தில் சில பிரசவங்கள். இப்படிப்பட்ட இடத்தின் நிர்வாகக் குழுவுக்கு மயக்க மருந்து ஏற்பாட்டைவிடக் கடினமான கேள்வி கிடையாது. அது சரியாக அமையாவிட்டால் இரவு இரண்டு மணிக்கு சிசேரியன் செய்ய முடியாது. சிசேரியன் செய்ய முடியாத இடத்தில் பிரசவப் பிரிவு நீடிக்காது.

இந்தியாவிலிருந்து பார்ப்பவருக்கு இந்தக் கேள்வியே புதிதாக இருக்கலாம். இங்கே மயக்க மருந்து மருத்துவரின் வேலை. ஊரகச் சிசேரியனுக்காக வந்த 18 வாரப் பயிற்சித் திட்டம்கூட எம்பிபிஎஸ் மருத்துவர்களுக்குத்தான். அமெரிக்காவில் நர்ஸ்கள் மயக்க மருந்து கொடுப்பது ஒரு நூற்றாண்டுக்கும் மேலான வழக்கம். மேயோ கிளினிக்கில் ஆலிஸ் மகா என்ற நர்ஸ், தாம் மயக்க மருந்து கொடுத்த 14,000 பேரின் விவரத்தை 1906இல் வெளியிட்டார். அதனால் நேர்ந்த மரணம் ஒன்றுகூட அதில் இல்லை. இன்றைய நர்ஸ் அனஸ்தெட்டிஸ்ட், அதாவது சிஆர்என்ஏ, நர்ஸிங் பட்டம் முடித்து, குறைந்தது ஓராண்டு தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்து, பிறகு மூன்று ஆண்டுப் படிப்பில் 2,000 மணி நேரத்துக்குக் குறையாமல் நோயாளிகளிடம் பயிற்சி பெற்று வருகிறார். 2022 முதல் இந்தப் படிப்பில் சேருபவர் எல்லாரும் முனைவர் நிலைப் பட்டத்துக்கே சேர வேண்டும். மயக்க மருத்துவருக்கோ நான்கு ஆண்டு மருத்துவப் படிப்பு, அதன்மேல் நான்கு ஆண்டு ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி. இந்த வேறுபாடு உண்மையானது. இதய அறுவை, பச்சிளங்குழந்தை அறுவை, பல உறுப்பு நோயுள்ளவரின் பெரிய அறுவை ஆகியவற்றில் அதன் பலன் தெரியும். ஆனால் அந்த அறுவைகள் 25 படுக்கை மருத்துவமனையில் நடப்பதில்லை.

பில் எப்படிப் பிரிகிறது

எந்த ஏற்பாட்டை எடைபோடுவதற்கும் முன்னால் பணக் கணக்கைப் பார்த்துவிட வேண்டும். மெடிக்கேர் ஒவ்வொரு அறுவைக்கும் ஓர் அடிப்படை அலகு வைத்திருக்கிறது. அதோடு ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் ஓர் அலகு சேரும். கூட்டுத்தொகையை ஓர் அலகின் விலையால் பெருக்க வேண்டும். அந்த விலை சமீப ஆண்டுகளில் 20 டாலரை ஒட்டியே நிற்கிறது. லேப்ராஸ்கோப்பியில் குடல்வால் எடுக்கும் அறுவைக்கு அடிப்படை 6. 75 நிமிடம் ஆனால் 5 சேர்ந்து 11 அலகு, ஏறத்தாழ 220 டாலர்.

மயக்க மருத்துவர் தாமே முழுக்கச் செய்தால் 220 அவருக்கு. நர்ஸ் அனஸ்தெட்டிஸ்ட் மருத்துவரின் இயக்கம், அதாவது மயக்க மருத்துவரின் நேரடி வழிநடத்தல், இல்லாமல் செய்தால், ‘க்யூ-இசட்’ என்ற குறியோடு பில் போகிறது. அதற்கும் முழு 220. மருத்துவர் இயக்க, நர்ஸ் செய்தால் ஆளுக்கு 110. மருத்துவர் ஒரே நேரத்தில் நான்குக்கு மேற்பட்ட அறைகளைப் பார்த்தால் அது ‘இயக்கம்’ என்ற தகுதியை இழந்து வெறும் ‘மேற்பார்வை’ ஆகிவிடுகிறது. அப்போது மருத்துவருக்கு ஓர் அறுவைக்கு 3 அலகு, மயக்கம் தொடங்கும்போது உடனிருந்ததற்குப் பதிவு இருந்தால் இன்னும் ஒன்று. நர்ஸின் பங்கு அதே 110.

இதில் கவனிக்க வேண்டியது, மருத்துவர் இயக்க இருவர் சேர்ந்து செய்தாலும் ஒருவர் செய்தாலும் மெடிக்கேர் தரும் மொத்தம் ஒன்றுதான். சம்பளம் அப்படி இல்லை. தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தின் 2023 மே கணக்குப்படி சிஆர்என்ஏயின் சராசரி ஆண்டுச் சம்பளம் சுமார் 2.14 லட்சம் டாலர், மயக்க மருத்துவரின் சராசரி சுமார் 3.39 லட்சம். இரண்டு தியேட்டரில் இரண்டு நர்ஸ்களை வைத்தால் 4.28 லட்சம். அவர்களை இயக்க ஒரு மருத்துவரையும் சேர்த்தால் 7.67 லட்சம். இரண்டுக்கும் வரும் மெடிக்கேர் வருவாய் ஒன்றே. இடைவெளியை மருத்துவமனை தன் கையிலிருந்து போட வேண்டும்.

மருத்துவர் இயக்கும் குழு

பெரிய நகர மருத்துவமனைகளில் பரவலாக உள்ள ஏற்பாடு இது. ஒரு மயக்க மருத்துவர் ஒரே நேரத்தில் நான்கு அறை வரை இயக்கலாம். அதற்கு அவர் செய்தே ஆக வேண்டிய ஏழு காரியங்களை 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த விதி வகுத்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் சுருக்கப்பெயரால் இவற்றை டெஃப்ரா படிகள் என்பார்கள். நோயாளியை முன்கூட்டிப் பரிசோதிக்க வேண்டும். மயக்கத் திட்டத்தை எழுத வேண்டும். மயக்கம் தொடங்குவது, தெளிவது உள்ளிட்ட கடினமான கட்டங்களில் தாமே பங்கெடுக்க வேண்டும். தாம் செய்யாத பகுதியைத் தகுதியானவர் செய்வதை உறுதிசெய்ய வேண்டும். அடிக்கடி வந்து பார்க்க வேண்டும். அவசரத்துக்கு உடனே வரும் தூரத்தில் இருக்க வேண்டும். அறுவைக்குப் பிந்திய கவனிப்பைத் தர வேண்டும். ஒன்று விடுபட்டாலும் அந்த அறுவையை இயக்கம் என்று பில் செய்யக் கூடாது.

காலை ஏழரை மணிக்கு எல்லா அறையிலும் முதல் நோயாளி மேசைமேல் இருக்கிறார். ஒரே மருத்துவர் மூன்று அறையில் ஒரே நிமிடத்தில் மயக்கத் தொடக்கத்துக்கு நிற்க முடியாது. எப்ஸ்டீன், டெக்ஸ்டர் இருவரும் 2012இல் பெரிய மருத்துவமனை ஒன்றின் பதிவுகளை வைத்து இதைக் கணக்கிட்டார்கள். ஒருவருக்கு இரண்டு அறை என்றாலே 35% நாட்களில் முதல் அறுவைத் தொடக்கத்தில் மருத்துவர் உடனிருக்கத் தவறும் நிலை வருகிறது. மூன்று அறை என்றால் 99% நாட்களில். தவிர்க்க ஒரே வழி, தொடக்க நேரங்களை அடுக்கடுக்காகத் தள்ளிவைப்பது. அப்போது அறுவை மருத்துவரும் தியேட்டர் ஆட்களும் காத்திருக்கிறார்கள், அதற்கும் செலவுண்டு. தள்ளிவைக்காமலே ‘உடனிருந்தேன்’ என்று கையெழுத்துப் போட்டால், அரசுக்குப் பொய்க் கணக்குக் காட்டியதாகச் சட்டம் பாயும். நேர்மையான குழுக்கள், படி தவறிய அறுவையை க்யூ-இசட் குறிக்கு மாற்றி அனுப்புகின்றன. எனவே க்யூ-இசட் பில் என்றால் பக்கத்தில் மருத்துவரே இல்லை என்று பொருளாகாது. இதைக் கவனிக்காமல் பில் குறியை மட்டும் வைத்து எழுதப்பட்ட பாதுகாப்பு ஒப்பீடுகளை, எந்தத் தரப்பு நீட்டினாலும், நம்ப வேண்டாம்.

நான்கு அறைக்கு ஒருவர் என்பதை நாங்கள் எந்த மருத்துவமனைக்கும் பரிந்துரைக்க மாட்டோம். 2022இல் ஜாமா சர்ஜரி இதழில் வந்த ஆய்வு, 23 மருத்துவமனைகளின் தரவை எடுத்து, ஒரு மருத்துவர் ஒன்று முதல் இரண்டு அறுவையைப் பார்த்தபோது சிக்கலும் மரணமும் சேர்ந்து 5.06% என்றும், மூன்று முதல் நான்கைப் பார்த்தபோது 5.75% என்றும் கண்டது. காரணம் இதுதான் என்று அந்த ஆய்வால் அறுதியிட முடியாது. ஆனாலும், மருத்துவர் உடனிருக்கிறார் என்ற வாக்குறுதிக்குப் பணம் வாங்கிக்கொண்டு அவரை நான்காகப் பிரிப்பது நோயாளிக்கும் நர்ஸுக்கும் அந்த மருத்துவருக்குமே நியாயமில்லை. இரண்டு, மிஞ்சினால் மூன்று அறை. அதுவும் சிக்கலான அறுவைகள் நிறைய நடக்கும் இடத்தில்.

அனஸ்தீசியாலஜிஸ்ட் அசிஸ்டென்ட் என்ற இன்னொரு பணியினரும் உண்டு. சுமார் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு. மயக்க மருத்துவரின் இயக்கத்தில் மட்டுமே வேலை செய்யலாம். எல்லா மாநிலங்களும் உரிமம் தருவதில்லை. மருத்துவர் இல்லாத ஊருக்கு இவரால் பயனில்லை. நகர மருத்துவமனையில் ஆள் பற்றாக்குறையைத் தீர்க்க உதவுவார்.

அறுவை மருத்துவரின் மேற்பார்வையில் நர்ஸ்

மெடிக்கேரில் சேர்ந்த மருத்துவமனைகளுக்கான கூட்டாட்சி விதி, நர்ஸ் அனஸ்தெட்டிஸ்ட் மேற்பார்வையில் இருக்க வேண்டும் என்கிறது. பில் கணக்கில் வந்த ‘மேற்பார்வை’ வேறு, இது வேறு. பொது மருத்துவமனையில் மேற்பார்வையாளர் அறுவை செய்பவராகவோ உடனே வரக்கூடிய மயக்க மருத்துவராகவோ இருக்கலாம். கிரிட்டிகல் ஆக்சஸ் மருத்துவமனைக்கான விதியில் அறுவை செய்பவர்தான். அவருக்கு மயக்கவியலில் தனிப் பயிற்சி வேண்டும் என்று அந்த விதி கேட்பதில்லை.

இந்த ஏற்பாடு பல ஊர்களில் பிரச்சினையில்லாமல் ஓடுகிறது. சிக்கல் இரண்டு இடங்களில் வருகிறது. புதிதாக வேலைக்கு வரும் அறுவை மருத்துவர், ‘மயக்கத்தில் ஏதாவது ஆனால் வழக்கு என் தலையிலா?’ என்று கேட்பார். நீதிமன்றங்கள் பொதுவாகப் பார்ப்பது, அறுவை மருத்துவர் உண்மையில் எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தினார் என்பதைத்தான். மேற்பார்வை என்ற சொல் இருப்பதாலேயே பொறுப்பு தானாக வந்து ஒட்டிக்கொள்வதில்லை. ஆனாலும் அந்த அச்சம் ஆள் எடுப்பதைக் கெடுக்கிறது. இன்னொன்று, நகர மருத்துவமனையின் துணைவிதிகளை அப்படியே பிரதியெடுத்து வைத்திருப்பது. ‘மயக்க மருத்துவரின் இயக்கத்தில்’ என்று அதில் ஒரு வரி கிடக்கும். ஊரில் மயக்க மருத்துவரே இல்லை. ஆய்வுக்கு வருபவர்கள் மருத்துவமனையின் சொந்த விதியை வைத்தே குறை எழுதிவிடுவார்கள். வழக்கு வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பதும் அந்தத் தாளைத்தான்.

விலகிய மாநிலத்தில் நர்ஸ் தனியாக

2001 ஜனவரியில் கிளிண்டன் அரசு மேற்பார்வை விதியையே எடுத்துவிட்டது. அது நடைமுறைக்கு வருமுன் புஷ் அரசு நிறுத்தி வைத்து, அதே ஆண்டு நவம்பரில் இடைப்பட்ட வழி ஒன்றைக் கொண்டுவந்தது. மாநில ஆளுநர் கடிதம் எழுதினால் அந்த மாநிலம் விதியிலிருந்து விலகலாம். அதற்கு அவர் மருத்துவ வாரியத்தையும் நர்ஸிங் வாரியத்தையும் கலந்தாலோசித்திருக்க வேண்டும். விலகல் மக்களுக்கு நன்மை என்று முடிவுக்கு வந்திருக்க வேண்டும். மாநிலச் சட்டத்தோடு அது முரண்படக் கூடாது. அயோவா டிசம்பரிலேயே விலகியது. நெப்ராஸ்கா, மின்னசோட்டா, கான்சஸ் என்று தொடர்ந்து, இன்று ஏறத்தாழப் பாதி மாநிலங்கள் விலகியிருக்கின்றன. கலிபோர்னியா 2009இலும் கொலராடோ 2010இலும் விலகியபோது மருத்துவர் சங்கங்கள் வழக்குப் போட்டன. இரண்டிலும் விலகல் நிலைத்தது. கொலராடோவின் விலகல் கிரிட்டிகல் ஆக்சஸ் மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட ஊரக மருத்துவமனைகளுக்கும் மட்டுமே அறிவிக்கப்பட்டது. ஆகவே ‘எங்கள் மாநிலம் விலகிவிட்டது’ என்ற செய்தியோடு நிறுத்திக்கொள்ளாமல் ஆளுநரின் கடிதத்தையே எடுத்துப் படிக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. விலகல் கூட்டாட்சி விதியை மட்டும்தான் நீக்குகிறது. மாநில நர்ஸிங் சட்டமும் மருத்துவமனை உரிம விதியும் துணைவிதியும் மேற்பார்வையையோ மருத்துவருடன் எழுத்து ஒப்பந்தத்தையோ கேட்டால் அது அப்படியே தொடரும்.

பாதுகாப்பைப் பற்றிய சான்று என்ன சொல்கிறது? சில்பர் குழு 2000இல் பென்சில்வேனியாவின் 2,17,440 மெடிக்கேர் நோயாளிகளைப் பார்த்து, மருத்துவர் இயக்காத அறுவைகளில் ஆயிரத்துக்கு 2.5 மரணம் கூடுதல் என்றது. ஆனால் அவர்கள் எண்ணியது 30 நாளுக்குள் நேர்ந்த எல்லா மரணங்களையும். மயக்க மருத்துவரின் பில் கிடைக்காத அறுவைகளும் ‘இயக்காதது’ கணக்கில் சேர்ந்தன. டுலிஸ், குரோம்வெல் 2010இல் 4,81,440 மருத்துவமனைச் சேர்க்கைகளைப் பார்த்து, விலகிய மாநிலங்களில் மரணம் கூடவில்லை என்றார்கள். அந்த ஆய்வுக்குப் பணம் தந்தது நர்ஸ் அனஸ்தெட்டிஸ்டுகளின் தேசிய அமைப்பு. 2014இல், பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வு, கிடைத்த ஆய்வுகளை வைத்து எந்தப் பக்கமும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று முடித்தது. நாங்கள் அதோடு நிற்கிறோம். தனியாகச் செய்யும் நர்ஸால் ஆபத்து என்பதற்கும் உறுதியான சான்று இல்லை, ஆபத்தே கிடையாது என்பதற்கும் இல்லை. ஆனால் நிர்வாகக் குழு ஒப்பிட வேண்டியது நர்ஸையும் மருத்துவரையும் அல்ல. நர்ஸ் இருக்கும் ஊரையும், பிரசவ வலியோடு 100 கிலோமீட்டர் பனிச்சாலையில் போக வேண்டிய ஊரையும்தான் ஒப்பிட வேண்டும்.

காகிதத்தில் ஒருவர், தியேட்டரில் இரண்டு கைகள்

சிறு மருத்துவமனையில் உயிர் போவது மேற்பார்வைக் கையெழுத்து இல்லாததால் அல்ல, இன்னொரு தேர்ந்த கை இல்லாததால். மயக்க வாயுவால் உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறும் மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா அபூர்வமானது. வந்துவிட்டால் நிமிடக் கணக்கு. டான்ட்ரோலீன் முதல் அளவு கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். 70 கிலோ நோயாளிக்கு 175 மில்லிகிராம். பழைய வகைக் குப்பி ஒன்றில் 20 மில்லிகிராம், ஆக ஒன்பது குப்பி. ஒவ்வொன்றிலும் 60 மில்லி ஊசிநீர் விட்டுக் குலுக்கிக் கரைக்க வேண்டும். அதே நேரத்தில் வாயுவை நிறுத்தி, முழு ஆக்ஸிஜனில் வேகமாகச் சுவாசம் கொடுத்து, உடலைக் குளிர்விக்கவும் வேண்டும். ஒரே ஒரு மயக்க நிபுணரால் இது முடியாது, அவர் மருத்துவராக இருந்தாலும். 36 குப்பி இருப்பில் இருக்க வேண்டும் என்பது வழிகாட்டுதல். 250 மில்லிகிராம் கொண்ட புதுவகைக் குப்பி மூன்று வைத்தால் கரைக்கும் வேலை பெரிதும் குறையும், விலை கூடுதல்.

மூச்சுக்குழல் போட முடியாத நோயாளியிடமும் இதே கதை. வீடியோ லாரிங்கோஸ்கோப்பும் கழுத்தில் அவசரத் துளை போடும் சாமான்களும் தியேட்டருக்குள்ளேயே, கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். நரம்புத் தடை ஊசி போடும் இடத்தில் 20% கொழுப்புக் கரைசல் இருக்க வேண்டும். மரத்துப்போகும் மருந்து ரத்தத்தில் ஏறிவிட்டால் அதுதான் முறிமருந்து. இவற்றை எடுத்துக் கொடுக்கவும் கலக்கவும் பழகிய ஒரு தியேட்டர் நர்ஸோ அவசரப் பிரிவு நர்ஸோ ஒவ்வொரு முறையிலும் இருக்க வேண்டும், ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஒத்திகை நடக்க வேண்டும். எந்த நோயாளியை ஏற்பது, யாரை அனுப்பிவிடுவது என்பதை முன்கூட்டி எழுதி வைப்பதும் இதில் சேரும். கடும் நோயுள்ள, அமெரிக்க மயக்க மருத்துவர் சங்கத்தின் (ஏஎஸ்ஏ) பட்டியலில் 4ஆம் வகை நோயாளியின் அவசரமில்லாத அறுவை இங்கே வேண்டாம் என்று அறுவை மருத்துவரும் சேர்ந்து ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அந்த நாளில் நர்ஸ் ‘முடியாது’ என்று சொன்னால் அந்தச் சொல் நிற்க வேண்டும்.

ஆள் கணக்கிலும் ஏமாறக் கூடாது. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். முழுநேர ஊழியர் ஒருவருக்கு 2,080. இரண்டு நர்ஸ்கள் வாரம் மாற்றி வாரம் அழைப்பில் இருந்தால் ஒவ்வொருவருக்கும் 168 மணி நேரம் தொடர்ச்சி. ஒருவர் நோய்வாய்ப்பட்டால் லோக்கம், அதாவது தற்காலிக மாற்று ஆள் தேடி அலைய வேண்டும், அந்தக் கட்டணம் ஆண்டு பட்ஜெட்டைத் தின்றுவிடும். மூன்று பேர் இல்லாமல் 24 மணி நேரப் பிரசவச் சேவை என்று பலகை மாட்டாதீர்கள்.

மூன்று, நான்கு தியேட்டர் வரை வளர்ந்த இடத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. மயக்க மருத்துவர் தமக்கென ஓர் அறையை எடுத்துக்கொண்டு கடினமான நோயாளிகளைத் தாமே பார்ப்பார். மற்ற அறைகளில் நர்ஸ்கள் தனியாகச் செய்து க்யூ-இசட் பில் போடுவார்கள். ஆலோசனைக்கு அவர் பக்கத்து அறையில் இருப்பார். டெஃப்ரா படிகளுக்காக யாரும் ஓட வேண்டாம். அந்த அளவு மருத்துவமனைக்கு எங்கள் தேர்வு இதுதான். இரண்டு தியேட்டர் ஊருக்கு, மூன்று பேர் கொண்ட நர்ஸ் அணி. மாநிலம் விலகியிருந்தால் மேற்பார்வை இல்லாமல், விலகாவிட்டால் அறுவை மருத்துவர் மேற்பார்வையில். மருத்துவருக்குப் போகவிருந்த 3.39 லட்சத்தில் மூன்றாவது நர்ஸின் சம்பளம் போக மீதியில் சாமானும் ஒத்திகையும் முடியும்.

யாரிடம் எதைக் கேட்பது

விலகல் கடிதமே தலையாய போராட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். சிறு மருத்துவமனைக்கு இன்று அதைவிட அவசரம் காப்பீட்டு நிறுவனங்களின் கட்டண வெட்டு. 2023 மார்ச்சில் சிக்னா, க்யூ-இசட் பில்களுக்கு 85% மட்டுமே தருவதாக மாற்றியது. நோயாளி அதே, நேரம் அதே, மருந்து அதே. மருத்துவர் பெயர் இல்லை என்பதால் 100க்கு 15 குறைவு. மூன்றாவது நர்ஸுக்கான பணம் இந்த 15இல்தான் கரைகிறது. 2010ஆம் ஆண்டு உடல்நலச் சட்டம் பொதுச் சுகாதாரச் சேவைச் சட்டத்தில் சேர்த்த 2706ஆம் பிரிவு, உரிமத்துக்கு உட்பட்டுச் செயல்படும் பணியாளரிடம் காப்பீட்டார் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. தரத்தை வைத்துக் கட்டணம் மாறலாம் என்றும் அதே பிரிவு சொல்வதால் வாசல் திறந்தே கிடக்கிறது. இதற்கான வரைவு விதியை 2022 ஜனவரி 1க்குள் வெளியிடப் பின்னால் வந்த ஒரு சட்டம் கட்டளையிட்டும் அந்தத் தேதிக்குள் வரவில்லை. நாடாளுமன்ற உறுப்பினருக்கு மருத்துவமனை எழுதும் கடிதத்தில் முதல் வரி இதுவாக இருக்கட்டும். கூட்டாட்சி மேற்பார்வை விதியையே நீக்கக் கோரும் ‘ஐகேன்’ மசோதா இரண்டாவதாக வரட்டும். முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் 2016இல் பிற உயர்நிலை நர்ஸ்களுக்கு முழு உரிமை தந்தபோது நர்ஸ் அனஸ்தெட்டிஸ்டுகளை மட்டும் விட்டது தொழிலுக்குப் பெரிய காயம். உங்கள் ஊர் தியேட்டரை அது நேரடியாகத் தொடாது.

ஆளுநருக்கு எழுதுவதானால் கோஷம் வேண்டாம், கணக்கு வேண்டும். கடந்த ஆண்டு மயக்க ஆள் இல்லாமல் அனுப்பிய நோயாளிகள் எத்தனை, எவ்வளவு தூரம், காலியிடம் எத்தனை மாதம் நிரம்பவில்லை, எத்தனை அறுவை மருத்துவர்கள் மேற்பார்வைப் பொறுப்பைக் காட்டி மறுத்தார்கள். இரு வாரியங்களுக்கும் பிரதி அனுப்புங்கள், அவர்களைக் கேட்காமல் ஆளுநர் முடிவெடுக்க முடியாது.

இவற்றுக்கெல்லாம் முன்பு, கைக்கெட்டும் ஒரு பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 800க்கு மேல் போகாத அறுவைகள், மொத்தம் 2,080 மணி நேரத்துக்கு மேல் போகாத மயக்க நர்ஸ் வேலை என்றால், மெடிக்கேர் பங்குக்கான செலவை ‘பாஸ்-த்ரூ’ முறையில் நியாயமான அடக்க விலைக்கே பெறலாம். மயக்க மருத்துவருக்கு இந்தச் சலுகை இல்லை. அந்த 2,080 மணி நேரத்துக்குள் மூன்று பேர் பகுதிநேரமாகப் பகிர்ந்தால் மட்டும்தான் இது பொருந்தும். முழுநேரம் மூவர் என்றால் தகுதி போய்விடும், அப்போது க்யூ-இசட் வழிதான். நர்ஸ்கள் தனியாக மெடிக்கேருக்குப் பில் போடமாட்டோம் என்று எழுத்தில் தர வேண்டும். கண்புரை மருத்துவர் ஒருவர் வாரம் ஒருநாள் வர ஆரம்பித்தாலே எண்ணிக்கை 800ஐத் தாண்டக்கூடும். அவரோடு ஒப்பந்தம் போடுமுன் இரண்டு வழியிலும் கூட்டிப் பாருங்கள். நடப்பு ஆண்டின் எண்ணிக்கையைக் காட்டி, அடுத்த ஆண்டுக்கான தகுதியை ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி 1க்கு முன்னதாக நிரூபிக்க வேண்டும். அக்டோபரிலேயே தியேட்டர் பதிவேட்டை எண்ணத் தொடங்கினால் நேரம் போதும்.